தெமோதரையில் ஒரு றலி வண்டி

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது. எதைக் கண்டாலும் திகதி கேட்பது. புகைப்படத்தைப் பார்த்தால் எப்போது எடுத்தது என்று கேட்போம். கல்வெட்டைக் கண்டால் எந்த ஆண்டு என்று தேடுவோம். மனிதர் சொல்வதை நம்பாமல் அல்ல. மனிதர் மறக்கக்கூடியவர் என்பதால்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கை முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. தெமோதரையில், எங்கள் பழைய வீட்டில் வசிக்கும் என் சகோதரியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, பரணில கிடக்கிற பழைய சைக்கிள எடுத்துத் திருத்தட்டுமா?" என்று கேட்டான். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் கொழும்பில் பழைய துவிச்சக்கர வண்டிகளுக்கே கிராக்கி ஏற்பட்டு, விலை பல மடங்காகியிருந்தது. திருத்து என்றேன். பிறகு, ஏதோ நினைத்து, "நான் வரும்வரை எதையும் கழற்றாதே, வர்ணமும் பூசாதே" என்றேன்.

அந்த வண்டி எங்களுடையதுதானா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

அது கணக்கப்பிள்ளை ஐயாவின் வண்டி. தெமோதரையை அண்டிய ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அதே தோட்டத்து அலுவலகத்தில் என் தந்தையார் கிளாக்கர். 1974இல் ஐயா குடும்பத்துடன் இந்தியாவுக்குப் போனார். வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. "விலைக்கு வாங்கினேன்" என்று என் தந்தையார் சாகும்வரை சொன்னார். அவர் மறைந்து சில ஆண்டுகளின் பின் என் தாயார் வேறொன்று சொன்னார். "காசு எங்க குடுத்தாரு? கொஞ்சம் கோதும மாவும் அரிசியுந்தான் குடுத்தாரு." அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தெமோதரையை அறியாத வாசகருக்கு அந்த ஊரின் அமைப்பைச் சற்றே சொல்ல வேண்டும். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், ஊவா மலைகளின் சரிவில் அமைந்த சிற்றூர் அது. எல்ல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெமோதரை 900 மீற்றரை அண்டியும், பதுளை 650 மீற்றரை அண்டியும் உள்ளன. ஆக, ரயில் பாதை இங்கே வந்ததும் வெகுவாக இறங்கியாக வேண்டும். ஆனால் மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் சரிவு கூடாது என்பது பொறியியலாளர் வகுத்துக்கொண்ட வரையறை. அதற்குக் கண்ட வழியே தெமோதரைச் சுற்று. எல்லப் பக்கத்திலிருந்து வரும் ரயில் நிலையத்தில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து பதுளை நோக்கிப் போகும். 1924ஆம் ஆண்டு ஏப்ரலில் பதுளை நிலையம் திறக்கப்பட்டபோது இந்த அதிசயமும் பாவனைக்கு வந்தது.

வழி தெரியாமல் தவித்த பொறியியலாளருக்கு யோசனை தந்தவர் ஒரு கங்காணி என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பாதையையும் அப்படிச் சுற்றலாம் என்று தோன்றியதாம். இதற்கு ஆவணச் சான்று எதையும் நான் கண்டதில்லை. ஆயினும் அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலைப்பாகையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கணக்கப்பிள்ளை ஐயாவின் பெருமை இந்தச் சுற்றோடு சம்பந்தப்பட்டது. தெமோதரையிலிருந்து ரயில் புறப்படும் அதே கணத்தில் அவரும் வண்டியில் ஏறிப் புறப்படுவார். ரயில் மலையைச் சுற்றி முடிப்பதற்குள் வீதியில் நெடுந்தூரம் இறங்கிவிடுவார். உடுவரை, ஹாலிஎல நிலையங்களில் ரயில் நின்று மூச்சு வாங்குகையில் இவர் பதுளையை எட்டிவிடுவார். இதைப் பலமுறை சாதித்ததாகச் சொல்வார். சிறுவர்களாகிய நாங்கள் நம்பினோம். கிளாக்கர்மார் சிரித்தார்கள்.

தோட்டங்களில் துவிச்சக்கர வண்டி என்பது அன்று எல்லோருக்கும் உரியதல்ல. துரைக்கு மோட்டார் சைக்கிள் அல்லது கார். கொழுந்து பறிப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் கால்கள். இடையிலிருந்த கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, மருந்துக்காரர் போன்ற சிலரே வண்டி வைத்திருந்தனர். மலைச்சரிவில் பாதித் தூரம் அதை ஏறி ஓட்டலாம். மீதித் தூரம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பயன்பாட்டைவிட மதிப்பே அதில் அதிகம். விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு வண்டியில் வந்து இறங்குபவருக்கும் நடந்து வருபவருக்கும் வேறுபாடு இருந்தது.

வடக்கில் வளர்ந்த வாசகர்களுக்கு இதைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் சமதரையில் வண்டி ஒரு வாழ்க்கை முறை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல்லையும் சுமந்தது அதுவே. செயின் சக்கரத்தைப் பார்த்தே அங்கே வண்டியின் குலம் சொல்வார்கள். கொக்குத் தலை இருந்தால் றலி. ஐந்து மனித உருவங்கள் சுற்றி நின்றால் ஹம்பர். விரித்த கை இருந்தால் ரட்ஜ். மூன்றும் வேறு வேறு கம்பனிகள் என்று எண்ணி எங்கள் தந்தையர் வாதிட்டார்கள். உண்மையில் ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் றலியின் கைக்குப் போய்விட்டன. அவர்கள் வாதிட்ட காலத்தில் மூன்றையும் செய்தது நொட்டிங்காம் நகரின் ஒரே நிறுவனம்.

நான் தெமோதரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி முற்றத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கொக்குச் சின்னம் துருவுக்குள் மங்கியிருந்தது. டயர்கள் மண்ணாகியிருந்தன. சீட்டின் தோல் பலகைபோல் இறுகியிருந்தது. பதுளையில் ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் திருத்தும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனோம். அவர் வண்டியை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பின் சக்கரத்தின் நடுவில் இருந்த குடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். எழுத்துகள் தெரிந்தன. ஸ்டேர்மி ஆர்ச்சர். அதனருகே ஏ டபிள்யூ என்ற குறி. அதன் கீழ் 54 என்ற எண்.

எனக்கு வேண்டிய திகதி அங்கே இருந்தது. நொட்டிங்காமின் ஸ்டேர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1902 முதல் மூன்று கியர் கொண்ட குடங்களைச் செய்தது. அவற்றின் உறையில் செய்த ஆண்டைப் பொறிப்பது அவர்கள் வழக்கம். குடத்தின் ஆண்டு வண்டியின் ஆண்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடையில் கிடந்து அடுத்த ஆண்டு விற்கப்பட்டிருக்கலாம். எனினும் 1954க்கு முன் அந்தச் சக்கரம் இல்லை என்பது உறுதி.

அந்தக் குடத்தின் உள்ளமைப்பு எளிமையானது, நுட்பமானது. நடுவில் ஒரு சிறு பற்சக்கரம் அசையாமல் அச்சோடு நிற்க, அதைச் சுற்றி நான்கு சிறு சக்கரங்கள் கோள்களைப்போல் வலம் வரும். நடுக் கியரில் பின்சக்கரம் செயினின் வேகத்தோடு நேராகச் சுழலும். தாழ்ந்த கியரில் அந்த வேகம் முக்கால் பங்காகும். ஏற்றத்தில் கால் இலகுவாகும். உயர்ந்த கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். இறக்கத்தில் வண்டி பறக்கும். எல்ல ஏற்றத்துக்கு முக்கால், பதுளை இறக்கத்துக்கு ஒன்றேகால் சொச்சம். ஐயாவின் பெருமைப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கலாம் என்று அன்றுதான் முதன்முதலாக எண்ணினேன்.

வேலை எளிதாக இருக்கவில்லை. மிதிகட்டையைத் தாங்கும் கோட்டர் பின்கள் இரண்டும் அச்சோடு ஒட்டிப்போயிருந்தன. ஒன்றைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். மற்றதைத் துளைத்தே எடுக்க வேண்டியதாயிற்று. அடியிலிருந்த கிண்ணங்கள் தேய்ந்திருந்தன. வேறு வண்டியின் கிண்ணத்தை மாட்டலாமே என்றேன். பெரியவர் தலையசைத்தார். பிற கம்பனிகள் ஓர் அங்குலத்துக்கு 24 புரி வெட்டிய காலத்தில் றலி மட்டும் 26 புரி வெட்டியது. ஒன்று மற்றதில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் சட்டமே கெட்டுவிடும். ஆகவே பழைய கிண்ணங்களையே மெருகேற்றி, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் போல்ஸ்களைப் புதிதாக இட்டார். முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. பாரம் தாங்குவது பின்சக்கரம் என்பதால் ஆங்கிலேய வண்டிகளில் இந்த வேறுபாடு. முறிந்த கம்பிகளை மாற்றி, சக்கரத்தைச் சுழற்றி, ஒரு சுண்ணாம்புக்கட்டியை அருகே பிடித்துக் கோணலைத் திருத்தினார். அன்று முழுதும் அவர் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை.

குடத்துக்குள் இருந்த சிறு வில் ஒன்று முறிந்திருந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஸ்டேர்மி ஆர்ச்சர் தாய்வான் நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. ஆனால் அந்த வகைக் குடத்தை அவர்கள் கைவிடவில்லை. லண்டனில் வாழும் உறவினர் ஒருவர் அனுப்பிய புதிய வில், ஏறத்தாழ எழுபது ஆண்டு பழைமையான குடத்தில் பிசகின்றிப் பொருந்தியது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிகாரத்துக்கு எதிராகத் தனியொருவர் ஓட்டும் பந்தயம் இங்கிலாந்தில் ஒரு தடையிலிருந்து பிறந்தது. பொதுவீதிகளில் கூட்டமாகப் பந்தயம் ஓடுவதை 1890இல் அங்குள்ள சைக்கிள் சம்மேளனம் நிறுத்தியது. அதன் பின் 1895இல் பிட்லேக் என்பவர் வேறொரு முறையை வகுத்தார். ஒவ்வொருவரும் இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படுவர். யார் குறைந்த நேரம் எடுத்தாரோ அவர் வென்றவர். பார்ப்பவருக்குப் பந்தயம் நடப்பதே தெரியக்கூடாது என்பதற்காகக் கறுப்பு உடை அணிந்து அதிகாலையில் ஓட்டினார்கள். இலங்கையிலும் சைக்கிள் பந்தயத்துக்கு நெடிய மரபு உண்டு. மொரிஸ் குமாரவேல் 1960 ரோம், 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். தெமோதரைக் கணக்கப்பிள்ளைக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் யாரும் பார்க்காத வீதியில் தன் நேரத்தோடு தானே போட்டியிடுவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கடிகாரம் ரயில்.

வண்டியின் முன் கவரில் சிறு தகடு ஒன்று துருவோடு ஒட்டியிருந்தது. உள்ளூராட்சி சபைக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறும் துவிச்சக்கர வண்டி அனுமதித் தகடு. தந்தையாரின் ட்ரங்குப் பெட்டியைத் தேடினேன். அனுமதிப் பற்றுச்சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. ஐயா ஒன்றையும் தவறவிட்டவர் அல்லர். 1973 வரை அவர் பெயர். 1974இல் என் தந்தையார் பெயர். கைமாறியதற்குச் சான்று இருந்தது. விலைக்குச் சான்று இல்லை.

அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களிலும் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இவர்களை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர். 1974இல் அந்த ஒன்றரை இலட்சமும் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஐயா தெமோதரையில் பிறந்தவர். அவருடைய வண்டிக்கு ஆண்டுதோறும் இந்த நாட்டில் ஓட அனுமதி கிடைத்தது. அவருக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைக்கவில்லை. நொட்டிங்காமிலிருந்து வந்த வண்டி இங்கேயே தங்கிற்று. இங்கே பிறந்தவர் வெளியேறினார்.

1973, 74 ஆண்டுகள் தோட்டங்களில் பஞ்ச காலம். மா கிடைக்கவில்லை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லவே கட்டுப்பாடு இருந்தது. லயங்களில் மரணங்கள் கூடின. பித்தளைக் குடங்களும் தோடுகளும் வந்த விலைக்குப் போயின. அந்நாளில் எங்கள் வீட்டில் உணவு இருந்தது. தாயாரின் உறவினர் வழியாக வந்தது. ஒரு மனிதர் இருபது ஆண்டு காத்து வைத்திருந்த வண்டியைக் கொடுத்துவிட்டு மாவும் அரிசியும் வாங்கிச் சென்றார் என்றால், அதை வியாபாரம் என்பதா, உதவி என்பதா? என் தந்தையார் கெட்டவர் அல்லர். ஆனால் நல்லவர்களும் அக்காலத்தில் மலிவாக வாங்கினார்கள்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின் மண்டபம் முகாம், பின் எங்கெங்கோ. சிலருக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. தேயிலையிலிருந்து போனவர்கள் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள்.

தமிழக நண்பர் ஒருவரின் உதவியால் கோத்தகிரிப் பக்கத்தில் ஐயாவின் பேரனைக் கண்டுபிடித்தேன். ஐயா வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். வண்டியின் படத்தை அனுப்பினேன். அப்போது சட்டத்துக்கு வர்ணம் பூசுவதா என்ற விவாதம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. மருமகன் பளபளப்பாக வேண்டும் என்றான். இத்தாலியில் 1997 முதல் நடக்கும் லெரோயிக்கா என்ற ஓட்டத்தில், 1987க்கு முற்பட்ட வண்டிகளை அவற்றின் வடுக்களோடு ஓட்டுவதைப் பெருமையாகக் கருதுகிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. கோத்தகிரியிலிருந்து வந்த பதில்தான் முடிவு செய்தது. "பாரில் வலப்பக்கம் தேய்ந்த இடம் இருக்கிறதா? என் அம்மாவை அங்கேதான் உட்கார வைத்து ஓட்டுவாராம்" என்று எழுதியிருந்தார். இருந்தது. வர்ணம் பூசவில்லை. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை நனைத்துத் தேய்த்துத் துருவை மட்டும் அகற்றி, எண்ணெய் பூசி விட்டுவிட்டோம்.

2024இன் தொடக்கத்தில் அவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். நிலையத்தில் பதுளை ரயில் வரக் காத்திருந்தார். அது புறப்பட்டதும் வண்டியில் ஏறினார். மருமகன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தான். வளைவுகளில் வாகனங்கள் மலிந்த இன்றைய வீதியில், கம்பி பிரேக்கை நம்பி ஓட்டுவது பயமாக இருந்ததாகப் பின்னர் சொன்னார். அவர் பதுளை நிலையத்தை அடைந்தபோது ரயில் வந்து நின்றிருந்தது, பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தனர். சில நிமிடங்களில் தோல்வி. தாத்தா நிச்சயமாக வென்றிருப்பார் என்றார். வெறும் வீதி, பழகிய வளைவுகள், இளமை. நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சான்று இல்லை.

அன்றிரவு மாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வண்டியை ஓடவைத்துவிட்டு அதன் கணக்கை மறைப்பது சரியாகப்படவில்லை. அவர் சற்றுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அந்த மாவப் பத்திப் பாட்டி சொல்லுவாங்க, ஐயா. ரொட்டி சுட்டு மூட்ட கட்டிக்கிட்டாங்களாம். மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்கு அதுதான் சாப்பாடாம். யாரு குடுத்த மாவுன்னு மட்டும் எங்களுக்குத் தெரியாது" என்றார்.

இதை என் தந்தையாருக்குக் கிடைத்த மன்னிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வண்டியின் விலை அதைவிட அதிகம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த மாவு எங்கே போயிற்று என்பது ஐம்பது ஆண்டுகளின் பின் எனக்குத் தெரிந்தது.

வண்டியை எடுத்துச் செல்லுமாறு கேட்டேன். அவர் மறுத்தார். கோத்தகிரியில் இதற்கு வேலை இல்லை, இது தெமோதரை வண்டி என்றார். அடுத்த நாள் காலை ஒரு தாளில், இன்ன இலக்கம் பொறித்த வண்டி இன்னாருடைய பேரனுக்கு உரியது, எங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவரும் இட்டார். பற்றுச்சீட்டுக் கட்டின் மேல் அதை வைத்துப் பெட்டியை மூடினேன். திகதி போட மறக்கவில்லை.